பத்தொன்பது படிக்கு எத்தனை ஹல்லு

குஷாய்குடா, ஹைதராபாத்
14-7-1974, ஞாயிறு, மாலை 3.40

அன்புள்ள ஐவி,

இன்று காலை ஒன்பது மணி இருபத்திரண்டு நிமிடத்துக்கு, 143 பேர் முன்னிலையில், செகந்திராபாத் கோயிலில் நம் கல்யாண ஓலை முதல் தடவை வாசிக்கப்பட்டது. தலைகளை நானே எண்ணினேன். மடியில் இருந்த குழந்தைகளைச் சேர்க்கவில்லை. ஆட்சேபம் உள்ளவர்கள் எழுத்தில் தெரிவிக்கலாம் என்று போதகர் சொல்லி நிறுத்தினார். யாரும் அசையவில்லை. இன்னும் இரண்டு ஞாயிறு இதே மாதிரி வாசித்தால் முடிந்தது. 28ஆம் தேதி மூன்றாவது ஓலை. ஆகஸ்ட் 15 வியாழக்கிழமை கல்யாணம். சுதந்திர தினம் என்பதால் எனக்கு ஒரு நாள் லீவு மிச்சம்.

நீ டிசம்பர் என்று சொல்லியிருந்தாய். தெரியும். ஆனால் நிலைமை மாறிவிட்டது. எங்கள் காலனியில் பி டைப் குவார்ட்டர்ஸ் இரண்டு காலியாகின்றன, இரண்டும் தரைத்தளம். ஆகஸ்ட் 31க்குள் கல்யாணச் சான்றிதழ் கொடுப்பவர்கள் பெயர் மட்டும்தான் இந்த வருஷ லிஸ்டில் ஏறும். செக்‌ஷனில் என் பக்கத்து மேஜை சுந்தரேசன் வீடு ஒதுக்கும் கமிட்டியில் இருக்கிறார், அவர்தான் சொன்னார். அடுத்த லிஸ்ட் அடுத்த ஜூலையில்தான். ஆகவே முடிவு செய்தேன்.

நீ நான்கு நாள் லீவு எடுத்தால் போதும். 13ஆம் தேதி வா, 17ஆம் தேதி திரும்பிப் போ. பிசியோதெரபிப் பயிற்சியை முடித்துவிட்டு டிசம்பரில் நிரந்தரமாக வந்துவிடு. நீ அங்கே படிப்பதற்கும் இங்கே கல்யாணம் ஆவதற்கும் எந்த முரண்பாடும் இல்லை.

ஓலைப் படிவத்தில் உன் அம்மாவிடம் கையெழுத்து வாங்கினேன். "ஐவிகிட்ட கேட்டுட்டியா ராசா?" என்றார். "எழுதுதேன் அத்தை" என்றேன். இதோ எழுதிவிட்டேன்.

உன் அப்பா நன்றாக இருக்கிறார். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிற்றிலிருந்து ஒரு வாரம்கூட விடாமல் கோயிலுக்கு அழைத்துப் போகிறேன். கீழ் வீட்டு தனசிங் பின்பக்கம், நான் முன்பக்கம், நடுவில் நாற்காலியோடு மாமா. பத்தொன்பது படி. படிக்கு ஒரு 'ஹல்லு'. பிப்ரவரியில் பக்கவாதம் வந்த பிறகு அவர் வாயில் மிச்சம் இருக்கும் வார்த்தைகளே ஏழெட்டுதான், அதில் இது ஒன்று. பத்தொன்பது ஹல்லு சொல்லி முடிக்க நான்கு நிமிடம் ஆகிறது. சொல்லாமல் இருந்தால் ஒன்றரை நிமிடத்தில் இறக்கிவிடுவேன். போதாததற்கு என் சட்டைத் தோளில் வாராவாரம் சுண்ணாம்பு வேறு.

உங்கள் ஊர் உருதுவில் இந்த ஹல்லு என்பதற்குச் சரியான அர்த்தம் என்ன? எங்கள் நாசரேத்தில் 'பைய' என்பார்களே, அதுவா? இல்லை, நில் என்றா? எங்கள் தொழிற்சாலையில் கிரேன்காரரும் சொல்கிறார், பால்காரரும் சொல்கிறார். வேகத்தைக் குறை என்றால் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. நீ இந்த ஊரில் பிறந்தவள். எழுது.

இதை ஸ்டேஷனுக்கே கொண்டுபோய், மெட்ராஸ் வண்டியின் தபால் பெட்டியில் தாமதக் கட்டணத் தபால்தலை ஒட்டிப் போடப் போகிறேன். புதன்கிழமை உன் கையில் இருக்கும்.

அன்புடன்,
ரூஃபஸ்


திருச்சி
17-7-1974

மரியாதைக்குரிய திரு. ரூஃபஸ் அவர்களுக்கு,

நீங்கள் கணக்குப் போட்டபடியே கடிதம் இன்று, புதன்கிழமை வந்தது. செய்தி அதற்கு முன்பே வந்துவிட்டது.

மணமகள் வேறு ஊரில் இருந்தால் அந்த ஊர்க் கோயிலிலும் ஓலை வாசிப்பது வழக்கம் என்று உங்களுக்கு நினைவில்லை போலிருக்கிறது. உங்கள் போதகருக்கு இருந்திருக்கிறது. நீங்கள் கொடுத்த முகவரிக்கு, பின்கோடு உட்பட எல்லாம் சரியாக இருந்த முகவரிக்கு, அவர் எழுதியிருக்கிறார். ஆகவே அதே 14ஆம் தேதி காலை, இங்கே எங்கள் ஆஸ்பத்திரிச் சிற்றாலயத்தில், நான் நான்காவது வரிசையில் உட்கார்ந்து அன்றைய பாட்டு நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "போலாரம் தியோடர் குமாரத்தி ஐவி" என்று என் காதில் விழுந்தது. பைத்தியக்காரி மாதிரி நானும் எல்லாரோடும் சேர்ந்து திரும்பிப் பார்த்தேன், எந்த ஐவி என்று.

பக்கத்தில் இருந்த விடுதித் தோழி கிரிஜா துணைக்கு வந்தவள், கோயிலுக்குப் புதுசு. அவள் கேட்டாள், "உன்னையா சொல்றாங்க? கமுக்கமா இருந்துட்டியேடி." அறுபது பேர் இருந்தோம். அந்த அறுபது பேரில் கல்யாணத் தேதி தெரியாத ஒரே ஆள் கல்யாணப் பெண் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? சிரித்து வைத்தேன்.

திங்கட்கிழமை வார்டன் அம்மா கூப்பிட்டார்கள். மேஜைமேல் விடுதி விதிகள். பதினோராவது விதியில் பென்சில் கோடு. பயிற்சிக் காலத்தில் கல்யாணம் செய்துகொள்ளும் மாணவியின் பெயர் அன்றே பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். எனக்கு நவம்பரில் பரீட்சை. டிசம்பர் முதல் வாரம் சான்றிதழ். டிசம்பர் என்று நான் சொன்னது இதனால்தான். இரண்டரை வருஷம் படித்திருக்கிறேன். இந்த மாதம் 31ஆம் தேதிக்குள் கல்யாணமா படிப்பா என்று எழுத்தில் கொடுக்க வேண்டும்.

"இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை" என்று கேட்பீர்கள். மூன்று தடவை சொல்ல ஆரம்பித்தேன்.

முதல் தடவை மே மாதம், மௌலா அலி மலை அடிவாரத்தில். "டிசம்பர்ல வெச்சுக்கலாம், ஏன்னா" என்றேன். "கிறிஸ்மஸ் லீவோட சேத்துரலாம்னு பாக்க, அதானே" என்றீர்கள்.

இரண்டாம் தடவை எங்கள் வீட்டு மாடிப்படியில். "பரீட்சைக்கு முன்னாடி" என்றேன். "நீ பாஸ் பண்ணிருவ" என்று சொல்லிவிட்டு இரண்டு இரண்டு படியாக இறங்கிப் போனீர்கள்.

மூன்றாம் தடவை செகந்திராபாத் ஸ்டேஷனில், வண்டி நகர்ந்தபோது. "விடுதியில ஒரு ரூல்" என்றேன். "ரூல் எங்கதான் இல்ல. தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே கூட ஓடி வந்தீர்கள். எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாட்டில் இப்போதும் என் ஜன்னலில் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நாகரிகமாக இருக்கிறது.

ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதலாம் என்றார்களே, மணப்பெண் எழுதக் கூடாது என்று விதி இல்லை. காகிதம் எடுத்தேன். எழுதவில்லை. ஒரு தடவை எழுதிவிட்டால் அது நம் இரண்டு பேர் வீட்டிலும் எத்தனை வருஷம் இருக்கும் என்று யோசித்தேன்.

வரும் ஞாயிறு இரண்டாவது ஓலை. இந்தக் கடிதம் சனிக்கிழமை உங்களுக்குக் கிடைக்கும். என்ன செய்யச் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள். நான் சொல்ல வேண்டிய கட்டத்தில் நீங்கள் என்னைக் கேட்கவில்லை.

ஹல்லுவுக்கு அர்த்தம் கேட்டிருக்கிறீர்கள். அதைச் சொல்லும் மனநிலையில் நான் இல்லை. நக்கோ.

இப்படிக்கு,
ஐவி


குஷாய்குடா
20-7-1974, சனி, மாலை 5.10

ஐவி,

உன் கடிதம் 4.55க்கு வந்தது. பதினைந்து நிமிடத்தில் பதில்.

ஒன்று. சொல்ல ஆரம்பித்தேன் என்பது சொன்னதாகாது. காகிதமும் பேனாவும் உன்னிடம் இருந்தன. ஜூனிலிருந்து ஐந்து கடிதம் எழுதியிருக்கிறாய். விடுதிச் சாம்பாரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். பதினோராவது விதியைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

இரண்டு. குவார்ட்டர்ஸ் எனக்கு எதற்கு? எனக்கு ஹாஸ்டல் அறையே அதிகம். உன் அப்பா அந்த மாடியிலிருந்து இறங்கி ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூமியைத் தொடுகிறார். மற்ற ஆறு நாள் ஜன்னல். நான் வெள்ளிக்கிழமை போனால்கூட அந்த ஜன்னலில்தான் இருக்கிறார். தெருவில் போகிற மிலிட்டரி லாரிகளை எண்ணுகிறார் என்று நினைக்கிறேன், விரல் அசைகிறது. தரைத்தளத்தில் நாம் ஒரு வீடு எடுத்து உன் அப்பா அம்மாவையும் அழைத்து வந்துவிட்டால் வாசலில் உட்காருவார், நடைபாதையில் நடந்து பழகுவார். நீயும் டிசம்பரில் வந்து அவரை நடக்கவைக்கலாம். இதை முதல் கடிதத்தில் எழுதவில்லை. எழுதினால் ஏதோ உபகாரம் செய்கிற மாதிரி இருக்கும். நான் அவசரப்பட்டது எனக்காக மட்டும் இல்லை. கொஞ்சம் எனக்காகவும்தான்.

மூன்று. நாளை இரண்டாவது ஓலை. நிறுத்தச் சொல்லப் போவதில்லை. விதி என்றால் விதிவிலக்கும் இருக்கும். உன் வார்டனுக்கு நானே எழுதுகிறேன். முகவரிதான் இருக்கிறதே.

வண்டி 6.30க்கு. சைக்கிளில் முப்பத்தைந்து நிமிடம். நிறுத்துகிறேன்.

ரூஃபஸ்


குஷாய்குடா
21-7-1974, ஞாயிறு, பிற்பகல் 2.00

ஐவி,

நேற்றைய கடிதத்துக்கு முன்னால் இது உன் கையில் கிடைத்தால் நல்லது. கிடைக்காது. இன்று காலை ஆறு மணிக்கே ஸ்டேஷன் தபால் அலுவலகத்தில் போய்க் கேட்டேன். அங்கே இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "உங்க லெட்டர் இப்ப கூடூர் கிட்ட இருக்கும் சார். நல்ல ஸ்பீடு" என்றார்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஸ்டேஷனுக்குப் போனதால் போலாரம் போய்ச் சேரத் தாமதம். 8.31க்கு நாற்காலியைத் தூக்கினோம். ஆட்டோ கீழே நின்றது. மாமா ஹல்லு சொல்லச் சொல்ல நான் வேகமாக இறங்கினேன். பன்னிரண்டாவது படியில், மாடிப்படி திரும்புகிற இடத்தில், இரண்டு படியாகக் காலை வைத்தேன். நாற்காலி இடது பக்கம் சாய்ந்து சுவரில் இடித்தது. மாமாவின் இடது கை, சரியாக இருக்கிற ஒரே கை, நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில். விரல் முட்டிகளில் தோல் உரிந்து ரத்தம்.

பயப்படாதே. எலும்புக்கு ஒன்றும் இல்லை. மடக்கி நீட்டிப் பார்த்தேன்.

அவர் கத்தவில்லை. திட்டவும் இல்லை. திட்டுவதற்கு அவரிடம் வார்த்தையும் இல்லை. "ஹல்லு" என்றார். அதுவும் தாழ்ந்த குரலில், எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி. பதினான்கு ஞாயிறாகத் தூக்கியிருக்கிறோம், முதல் தடவையாக அந்தத் திருப்பத்தில் நாற்காலியைக் கீழே வைத்தோம். அத்தை டிங்சரும் பஞ்சும் கொண்டு வந்தார். துடைப்பதற்காக உள்ளங்கையைத் திருப்பினேன். உள்ளங்கை முழுக்கச் சுண்ணாம்பு.

"எப்பவும் இப்படித்தான்" என்றார் அத்தை. "கோயில்ல உக்காந்ததும் நாந்தான் தொடச்சு விடுவேன்."

"மாமா, செவத்தப் பிடிச்சுக்கிட்டா வாறீக?" என்று கேட்டேன்.

"ஹவ்" என்று தலையாட்டினார். அதுவும் அந்த ஏழெட்டில் ஒன்று.

பிறகு கைப்பிடியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். உங்கள் மாடிப்படியில் கைப்பிடி ஒரு பக்கம்தான். இறங்கும்போது வலது பக்கம். அவருடைய வலது கை மடியில் கிடந்தது. இடது பக்கம் வெறும் சுவர். அதாவது, ஐவி, பதினான்கு ஞாயிறாக அந்த மனிதர் ஒவ்வொரு படியிலும் பிடிக்க ஏதாவது கிடைக்குமா என்று சுவரைத் தடவிக்கொண்டே வந்திருக்கிறார். அந்தக் கை என் தோளில் பட்ட இடமெல்லாம் சுண்ணாம்பு. நான் அதைச் சலவைத் தொந்தரவு என்று உனக்கு எழுதினேன்.

நான் கண்ட்ரோல் செக்‌ஷனில் வேலை பார்க்கிறவன். ஒரு மோட்டாரை எத்தனை விநாடியில் நிறுத்தலாம் என்று நாள் முழுக்க அளக்கிறேன். இது கண்ணில் படவில்லை.

கோயிலுக்குப் போனபோது இரண்டாவது ஓலை வாசித்து முடித்திருந்தார்கள். ஆராதனை முடிந்ததும் போதகரிடம் போனேன்.

"ஐயா, மூணாவது ஓலை வேண்டாம்."

"ஏன், பொண்ணு வீட்ல ஏதாவது..."

"இல்ல. நான் பொண்ணுகிட்ட கேக்கல."

கண்ணாடியைக் கழற்றினார். "எதக் கேக்கல?"

"தேதியை. அவளுக்கு டிசம்பர்லதான் முடியும். நான் பாட்டுக்கு ஓலைக்குக் கொடுத்துட்டேன்."

"மூணு வாரம் ஊரையெல்லாம் கேக்கிறதுக்கு முன்னால அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் தம்பி."

எழுத்தில் கேட்டார். அங்கேயே எழுதிக் கொடுத்தேன். உங்கள் சிற்றாலயத்துக்கு அவரே தெரிவிப்பார். நான் வெளியே வந்து ஆட்டோ தேடுவதற்குள், வாசலில் ஹில்டா அக்கா: "என்ன மாப்ள, ரெண்டோட நிறுத்திட்டீராமே. பொண்ணு ஓடிருச்சா, நீர் ஓடுதீரா?" ஆறு நிமிடம்தான் ஆகியிருந்தது.

வார்டனுக்கு எழுதுகிறேன் என்று நேற்று எழுதியிருந்தேன். எழுதவில்லை. எழுத வேண்டுமா என்று நீ சொல். நீ சொல்லாமல் எழுத மாட்டேன்.

நாளை சுந்தரேசனிடம் என் பெயரை லிஸ்டில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

நேற்றைய கடிதத்தில் சாம்பாரைப் பற்றி எழுதியது வேண்டாத வேலை. அந்தக் கடிதம் எனக்குப் பிடித்திருந்தது.

ரூஃபஸ்


திருச்சி
24-7-1974

அன்புள்ள அத்தான்,

உங்கள் சனிக்கிழமைக் கடிதம் நேற்றுக் காலை வந்தது. அதற்கு ஒரு பதில் எழுதினேன். நாலு பக்கம். ஒரு பெண் எழுதக் கூடாத பதில். எங்கள் விடுதிப் பெட்டியில் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் தபால் எடுப்பார்கள். ஆறு மணிக்கு அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வரிக்கு வரி நியாயமாக இருந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. நாளைக்குப் போடலாம் என்று தலையணைக்கு அடியில் வைத்தேன். இன்று உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கடிதம் வந்துவிட்டது. அந்த நாலு பக்கத்தை என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு தேவைப்படும்.

இரண்டாவது ஓலையும் கேட்டேன். இந்தத் தடவை திரும்பிப் பார்க்கவில்லை.

இன்று போதகர் கடிதத்தை வைத்துக்கொண்டு வார்டன் அம்மா மறுபடி கூப்பிட்டார்கள். நிச்சயம் ஆகியிருக்கிறது, கல்யாணம் சான்றிதழுக்குப் பிறகு என்று எழுதிக் கொடுத்தேன். நிச்சயத்துக்கு எதிராக விதி இல்லையாம். "பையன் கோபக்காரனா?" என்று கேட்டார்கள். "இல்ல மேடம், அவசரக்காரர்" என்றேன். "கோபம் குறையும்மா, அவசரம் குறையாது. பாத்துக்கோ" என்றார்கள். நீங்கள் எழுத வேண்டியதில்லை. கேட்டதற்குச் சந்தோஷம்.

சாம்பார் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. நான் எழுதியிருக்க வேண்டும். நேரில் சொல்ல முடியாமல் போனதை எழுதினால் குற்றம் சொல்வது போல் இருக்குமோ என்று தள்ளிப் போட்டேன். அது என் பங்கு. கைப்பிடியிலும் எனக்குப் பங்கு உண்டு. இருபது வருஷம் அதில் சறுக்கி விளையாடியவள் நான். மே மாதம் முழுக்க அங்கே இருந்தேன். ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் பக்கவாத நோயாளிகளுக்குக் கைப்பிடி எந்தப் பக்கம் என்று சொல்லிக் கொடுக்கிறேன். என் அப்பாவுக்குப் பார்க்கவில்லை.

இப்போது ஹல்லு.

எங்கள் பக்கம் யாராவது கொதிக்கிற சாயாவைக் கை மாற்றும்போது ஹல்லு என்பார்கள். போலாரம் பஸ்ஸில் டிபன் கேரியரோடு ஒரு அம்மா இறங்கினால் கண்டக்டர் ஹல்லு என்பார். அம்மா என் தலையில் சிக்கெடுக்கும்போது நான் சொல்வேன். தூங்குகிற குழந்தையைத் தோள் மாற்றும்போது சொல்வோம். எனக்குச் சைக்கிள் பழக்கியபோது அப்பா ஸீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். கையை விடப் போகும்போது ஒரு ஹல்லு சொன்னார். விட்டுவிட்டார் என்பதே எனக்கு அதில்தான் தெரிந்தது.

நிற்கச் சொல்ல வேறு வார்த்தை இருக்கிறது, ருக்கோ. வேண்டாம் என்பதற்கு நக்கோ. சும்மா வெறுங்கையோடு மெதுவாக நடக்கிறவனிடம் யாரும் ஹல்லு சொல்ல மாட்டார்கள். கையில் ஏதோ இருக்க வேண்டும், சிந்துகிற மாதிரி, இடிபடுகிற மாதிரி. எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்டீர்களே, அது கையில் இருப்பதைப் பொறுத்தது. உங்கள் பைய அதுதானா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நாசரேத்தில் நீங்கள் அதை ஒரு தடவையாவது சொல்லியிருந்தால்.

இங்கே நோயாளிகளிடம் 'மெதுவா' என்றுதான் சொல்கிறேன். போன வாரம் பீதர் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் வந்தார். தமிழ் தெரியாது. முதல் அடி வைக்க மாட்டேன் என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் வாய் தவறி ஹல்லு என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ எந்த ஊரம்மா?" என்று அவர் பாஷையில் கேட்டார். கம்பியை விட்டுவிட்டார்.

அப்பா உங்களை நிறுத்தப் பார்க்கவில்லை அத்தான். உங்கள் கையில் இருந்தது அவர்.

இனி அவரை இறக்குவது எப்படி என்று கேளுங்கள். இடது கைக்குப் பிடிமானம் இல்லாமல் ஒரு படிகூடக் கூடாது. பிடிமானம் இருந்தால்: வலது பக்கம், ஒரு படி கீழே நீங்கள் நிற்க வேண்டும். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடியுங்கள், கக்கத்தைப் பிடிக்காதீர்கள். இறங்கும்போது பலவீனமான கால் முதலில், பிறகு நல்ல கால். ஏறும்போது நல்ல கால் முதலில். முதல் நாள் ஒரே ஒரு படி. மிச்சம் பதினெட்டும் நாற்காலி. இரண்டாவது படி அவரே கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. கல்யாணத் தேதியை நீங்கள் எனக்கு அறிவித்திருக்கிறீர்கள். சுந்தரேசனுக்கும் 143 பேருக்கும் அறிவித்திருக்கிறீர்கள். என்னைக் கேட்டதில்லை. இப்போது கேட்கலாம். அவசரமில்லை.

அன்புடன்,
ஐவி


குஷாய்குடா
28-7-1974, ஞாயிறு, மாலை 4.05

அன்புள்ள ஐவி,

இன்று காலை ஒன்பது மணி இருபது நிமிடத்துக்கு மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. போதகர் ஞாயிறு பள்ளி அறிவிப்பை முடித்து நேராகப் பாட்டுக்குப் போனார். 151 பேர் இருந்தார்கள், முதல் ஓலையைவிட எட்டுப் பேர் அதிகம். அது ஹில்டா அக்காவின் உழைப்பு. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அத்தை பாட்டுப் புத்தகத்தைத் திறந்து என் முன்னால் நீட்டினார், தலைகீழாக. உன் கடிதத்தை நேற்றே வாசித்துக் காட்டியிருந்தேன். இருந்தாலும் 151 பேர் இல்லையா. இனி அவரைக் கேட்காமலும் எதுவும் செய்வதில்லை.

கைப்பிடி விஷயம். திங்கட்கிழமையே உங்கள் வீட்டுச் சொந்தக்காரர் வரதராஜனைப் பார்த்தேன். "சுவத்துல ஓட்ட போடணுமா?" என்று இழுத்தார். ஆறு ஓட்டை, நானே பூசிக் கொடுக்கிறேன் என்றேன். மாமாவுக்கு என்று சொன்னதும் சரி என்றுவிட்டார். ராணிகஞ்சில் ஒன்றே கால் அங்குலக் குழாய் வாங்கினேன். வாங்குமுன் மாமாவின் இடது கை பிடிக்கிற அளவை ஒரு கயிற்றில் எடுத்துக்கொண்டேன். உயரம், அவரை நிற்கவைத்து அளந்தேன். நேற்று நானும் தனசிங்கும் மாட்டி முடித்தோம். திருப்பத்தில் குழாயை வளைத்தது கொஞ்சம் அசிங்கமாக வந்திருக்கிறது. ஆனால் உறுதி.

இன்று காலையே ஒரு படி இறக்கிப் பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தேன். உன் பெல்ட்டும் தயார். ஆனால் சுவரில் பதித்த சிமெண்ட் நேற்றுப் போட்டது. ஏழு நாள் தண்ணீர் தெளித்து இறுகவிட வேண்டும். இன்று எடை வைத்தால் பிடுங்கிக்கொண்டு வரும். ஆகவே நாற்காலிதான். 8.10க்கே தூக்கினோம். திருப்பத்தில் கீழே வைத்து ஒரு நிமிடம் நின்றோம். மொத்தம் ஏழு நிமிடம். மாமா நான்கே நான்கு ஹல்லு சொன்னார்.

ஐந்தாவதை நான் சொன்னேன். குழாய் பக்கத்தில் வரும்போது அவர் இடது கை அதைப் பிடிக்கப் போனது. சிமெண்ட் ஈரம். என்னை அறியாமல், "ஹல்லு, மாமா" என்றேன். கையை எடுக்கவில்லை. ஆனால் பிடிக்கவும் இல்லை. விரல் நுனியால் குழாய்மேல் தடவிக்கொண்டே கடைசிப் படிவரை வந்தார். சிரித்தார். வலது பக்க உதடு வராது, இடது பக்கம் மட்டும். பின்னாலிருந்து தனசிங் சொன்னார், "மாப்ளைக்கு நம்ம பாஷை வந்துருச்சு சார்."

கோயிலில் மாமா கையைத் துடைக்க அத்தை முந்தானையை எடுத்தார். துடைக்க ஒன்றும் இல்லை.

பைய என்பதும் ஹல்லுதான். அம்மா நினைவு வந்தது. எண்ணெய்ப் பாத்திரத்தை என் கையில் கொடுத்தால் மட்டும் சொல்வாள்.

இப்போது கேட்கிறேன். ஐவி, டிசம்பரில் என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா? தேதியை நீ சொல். முதல் ஓலையிலிருந்து மறுபடி வாசிக்க வேண்டும். நீ இங்கே வந்தபிறகு, என் பக்கத்து வரிசையில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி வைத்துக்கொள்ளலாமா? உனக்குச் சரியாக இருக்குமா? இந்தப் பத்தியில் மூன்று கேள்விக்குறி போட்டிருக்கிறேன். எண்ணிப் பார்.

இனி நான் செய்யப்போவது:

1. சனிக்கிழமைவரை தினமும் வேலை முடிந்ததும் போலாரம் போய்ச் சிமெண்டுக்குத் தண்ணீர் தெளிப்பேன். காலையில் அத்தை தெளிப்பார். கேட்டுவிட்டேன்.

2. ஆகஸ்ட் 4, ஞாயிறு: மாமா ஒரு படி இறங்குவார். இரண்டாவது கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

3. சுந்தரேசன் இன்னும் லிஸ்டை மூடவில்லை, வேறு வழி பார்க்கலாம் என்கிறார். பார்க்க மாட்டேன். அடுத்த ஜூலையில் நாம் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுப்போம்.

4. ஹில்டா அக்கா எது கேட்டாலும் "டிசம்பர்" என்று மட்டும் சொல்வேன். திருத்தம்: நீ பதில் எழுதும்வரை அதையும் சொல்ல மாட்டேன்.

5. உன் பதில் எப்போது வரும் என்று கணக்குப் போட மாட்டேன். போட்டுவிட்டேன், அடுத்த திங்கட்கிழமை. ஆனால் தந்தி அடிக்க மாட்டேன்.

6. இந்தக் கடிதத்தை ஸ்டேஷனுக்குக் கொண்டு போக மாட்டேன். இன்று முழுக்க மேஜைமேல் இருக்கும். நாளைக் காலை ஒரு தடவை வாசித்துவிட்டு, ஹாஸ்டல் வாசல் பெட்டியில் போடுவேன்.

7. திங்கள், காலை 7.15. வாசித்தேன். மாற்ற ஒன்றும் இல்லை. போடுகிறேன்.

ரூஃபஸ்